எடிட்டிங்கில் செக்கச்செவேல், இணையத்தில் சோகை: நிறம் எங்கே தொலைகிறது?

எடிட் செய்யும்போது நன்றாக இருந்த படம், தளத்தில் ஏற்றியதும் வெளுத்துப்போய்த் தெரிகிறது. உடனே பலரும் செய்வது, அடுத்த படத்துக்கு சேச்சுரேஷனைப் பத்துப் புள்ளி கூட்டி ஏற்றுவது. இதைவிடத் தவறான வைத்தியம் கிடையாது. உங்கள் கணினியில் சரியாகத் தெரியும் அந்தப் படம், வேறொருவர் ஃபோனில் மஞ்சள் பூசிய முகங்களோடு திறக்கும். பெரும்பாலான நேரங்களில் நிறம் கெட்டுப்போயிருக்காது. நிறத்தைக் குறிக்கும் எண்களை வழியில் ஏதோ ஒரு மென்பொருள் வேறு பொருளில் படித்திருக்கும். எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்டால், மிச்சம் ஒரு டிக் பெட்டி வேலைதான்.

ஒரு பிக்சலில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 219, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சிவப்பு இது? அடோபி ஆர்ஜிபி என்ற கலர் ஸ்பேஸில், அதாவது எந்த எண் எந்த நிறம் என்று வகுக்கும் நிறவெளியில் படித்தால், இணையத்தின் பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபியின் உச்சச் சிவப்பான 255, 0, 0 இதுதான். இதையே எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் ஒரு படி மங்கிய சிவப்பு. புதிய ஃபோன் திரைகளின் அகன்ற நிறவெளியான டிஸ்ப்ளே பி3யில் அதே உச்சச் சிவப்பை எழுத 234, 51, 35 தேவை. எண்ணை மட்டும் சொல்லி அலகைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. அந்த அலகைச் சொல்லும் சீட்டுதான் கோப்புக்குள் இருக்கும் ஐசிசி ப்ரொஃபைல்.

எஸ்ஆர்ஜிபி 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது. 1999-இல் ஐஇசி என்ற சர்வதேச அமைப்பின் தரநிலை ஆனது. அன்றைய குழாய் மானிட்டர்களை மனதில் வைத்து வரையப்பட்ட சிறிய நிறவெளி அது. அடோபி ஆர்ஜிபி 1998-இல் வந்தது. பச்சை, சியான் பக்கம் நன்றாக விரிந்தது. கோடாக்கின் ப்ரோஃபோட்டோ இரண்டையும்விடப் பெரியது, கண்ணுக்கே தெரியாத நிறங்களுக்குக்கூட அதில் எண் உண்டு. பெரியது என்பதால் நல்லது என்று நினைத்து அதில் ஜேபெக் எடுத்து இணையத்துக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில் அறிகுறியைப் பாருங்கள்

நிறம் எந்தத் திசையில் பிசகியிருக்கிறது என்பதே பாதி விடை.

படம் வெளுத்து, முகங்கள் சாம்பல் தட்டி, பச்சை உயிரில்லாமல் இருந்தால்: பெரிய நிறவெளியின் எண்களை யாரோ எஸ்ஆர்ஜிபி என்று படித்திருக்கிறார்கள். கோப்பு அடோபி ஆர்ஜிபியிலோ ப்ரோஃபோட்டோவிலோ இருந்து, சீட்டு கிழிந்துவிட்டது. அடோபி ஆர்ஜிபி என்றால் லேசான சோகை. ப்ரோஃபோட்டோ என்றால் பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு மோசம்.

படம் அதிகமாக அடித்து, சிவப்பு கண்ணைக் குத்தினால்: எஸ்ஆர்ஜிபி எண்கள் எந்த மாற்றமும் இல்லாமல் நேராக அகல்நிற மானிட்டர் (எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்களைக் காட்டும் திரை) ஒன்றின் மேல் கொட்டப்படுகின்றன. கோப்பு நன்றாகவே இருக்கலாம்; காட்டும் மென்பொருள் ப்ரொஃபைலைப் படிக்கவில்லை.

நிறம் சரி, ஆனால் கருப்பில் ஊதாவோ வெள்ளையில் மஞ்சளோ ஏறியிருக்கிறது. அதுவும் எடிட்டிங் மென்பொருளில் மட்டும்: உங்கள் திரை நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் மானிட்டர் ப்ரொஃபைல் பழுது. இதைக் கடைசியில் பார்ப்போம். உண்மையில் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான், ஆனாலும் யாரும் அங்கே தொடங்குவதில்லை.

அசைன், கன்வர்ட்

போட்டோஷாப்பில் எடிட் மெனுவுக்குள் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கும்: அசைன் ப்ரொஃபைல், கன்வர்ட் டு ப்ரொஃபைல். இந்த இரண்டையும் குழப்புவதில்தான் பாதிப் படங்கள் பாழாகின்றன. அசைன் எண்களைத் தொடாது, சீட்டை மட்டும் மாற்றும். ஆகவே படத்தின் தோற்றம் மாறும். கன்வர்ட் தோற்றத்தைக் காப்பாற்ற எண்களை மாற்றும்.

ஐந்து நிமிடச் சோதனை ஒன்று: எஸ்ஆர்ஜிபியில் புதிய கோப்பு திறந்து 255, 0, 0 நிரப்புங்கள். அதை அடோபி ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்தால் இன்ஃபோ பேனலில் 219, 0, 0 காட்டும். கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. பின்வாங்கி, இப்போது அசைன் செய்யுங்கள். எண் 255 ஆகவே நிற்கும்; அகல்நிற மானிட்டர் இருந்தால் சிவப்பு இன்னும் கடுமையாகும், சாதாரண மானிட்டரில் வித்தியாசமே தெரியாமலும் போகலாம். அதனால் கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

இணையத்துக்குப் போகும் படத்துக்கு எப்போதும் கன்வர்ட். அசைன் தேவைப்படுவது ஒரே ஒரு சூழலில்: சீட்டில்லாமல் வந்த கோப்புக்கு, அது எந்த நிறவெளியில் பிறந்தது என்று நீங்கள் ஊகித்துச் சொல்லும்போது. வெளுத்த கோப்பு கையில் வந்தால் அடோபி ஆர்ஜிபியை அசைன் செய்து பாருங்கள், பிறகு ப்ரோஃபோட்டோவை. ஒன்றில் தோல் நிறம் சட்டென்று உயிர்பெறும். அதன் பிறகு எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட்.

கலர் செட்டிங்ஸ் பெட்டியில் மூன்று பாலிசிகளையும் ப்ரிசர்வ் எம்பெடட் ப்ரொஃபைல்ஸ் என்று வைத்து, ப்ரொஃபைல் இல்லாத கோப்பு திறக்கும்போது கேட்கச் சொல்லும் பெட்டியையும் டிக் செய்துவிடுங்கள். அந்தக் கேள்வி தொல்லையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கோப்பு சீட்டில்லாமல் வந்திருக்கிறது என்பதை அறிய அதைவிட எளிய வழி இல்லை.

கேமராவிலிருந்தே வரும் ஒரு பொறியும் உண்டு. கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து ஜேபெக் எடுத்தால், பல கேமராக்கள் ஐசிசி ப்ரொஃபைலைக் கோப்புக்குள் வைப்பதில்லை. எக்ஸிஃப் எனப்படும் கேமரா விவரத் தகவலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதிவிடும். போட்டோஷாப் அந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளும். உலாவிகள் தேடுவது ஐசிசி ப்ரொஃபைலைத்தான், ஆகவே படம் வெளுக்கும். கோப்பின் பெயர் அடிக்கோடில் தொடங்கினால் அது அடோபி ஆர்ஜிபி ஜேபெக் என்பதற்கான அடையாளம். டிசிஎஃப் என்ற கேமராக் கோப்பு விதிப்படி கேமராக்கள் அப்படித்தான் பெயர் வைக்கும். சென்சாரின் மூலத் தரவான ரா கோப்பு எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அந்த அமைப்பு ராவின் தரவைத் தொடாது, கேமராத் திரையில் தெரியும் முன்னோட்டத்தையும் ஹிஸ்டோகிராம் என்ற ஒளி வரைபடத்தையும் மட்டுமே மாற்றும்.

எக்ஸ்போர்ட்

போட்டோஷாப்பின் எக்ஸ்போர்ட் ஆஸ் பெட்டியில் கீழே இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன: கன்வர்ட் டு எஸ்ஆர்ஜிபி, எம்பெட் கலர் ப்ரொஃபைல். இரண்டுமே வேண்டும். முதலாவது மட்டும் போட்டால் எண்கள் சரி, சீட்டு இல்லை. பெரும்பாலான உலாவிகளில் தப்பித்துவிடும். இரண்டாவது மட்டும் போட்டால் பெரிய நிறவெளியோடு வெளியே போகும். வழியில் யாராவது சீட்டைக் கிழிக்கும் வரை நன்றாக இருக்கும். இரண்டும் இல்லாமல் போகும் கோப்புதான் நாம் தினமும் பார்க்கும் சோகைப் படம். பழைய சேவ் ஃபார் வெப் பெட்டியிலும் இதே இரண்டும் உண்டு. அங்கே ப்ரிவ்யூ பட்டியலில் மானிட்டர் கலர் என்று இருந்தால் நிற நிர்வாகமே இல்லாத தோற்றத்தைக் காட்டும். அதைப் பார்த்துப் பதறாமல் யூஸ் டாக்யுமென்ட் ப்ரொஃபைலுக்கு மாற்றுங்கள்.

லைட்ரூம் கிளாசிக்கில் எக்ஸ்போர்ட் பெட்டியின் ஃபைல் செட்டிங்ஸ் பகுதியில் கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் போதும், ப்ரொஃபைலை அதுவே வைத்துவிடும். டெவலப் பகுதிக்கும் லைப்ரரி பகுதிக்கும் சிறு வேறுபாடு தெரிந்தால் குழம்ப வேண்டாம். டெவலப் ப்ரோஃபோட்டோ அளவுக்கு விரிந்த நிறவெளியில் நேரடியாகக் கணக்கிடுகிறது. லைப்ரரி காட்டுவது ஏற்கெனவே சுருக்கி வைத்த முன்னோட்டத்தை. தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம் டெவலப், அதுவும் 1:1 பெரிதாக்கத்தில். கிம்ப்பில் இமேஜ் மெனுவுக்குள் கலர் மேனேஜ்மென்ட்டில் கன்வர்ட் இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியில் ப்ரொஃபைலைச் சேமிக்கும் டிக்கை மறந்துவிடாதீர்கள்.

ப்ரோஃபோட்டோவில் வேலை செய்கிறவர்கள் நிறத்துக்கு நுண்ணிய படிகள் தரும் 16 பிட்டிலேயே இருங்கள். கன்வர்ட்டையும் 16 பிட்டிலேயே முடித்துவிட்டு அதன்பின் 8 பிட்டுக்கு இறங்குங்கள். வரிசையை மாற்றினால் வானத்தில் படிப்படியாகக் கோடுகள் விழும். அதை அப்புறம் எந்த ஃபில்டராலும் அழகாகச் சரிசெய்ய முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு சிவப்புப் பூவின் இதழ்கள் ஒரே திட்டாக, மடிப்பே இல்லாமல் வரலாம். இது சீட்டுப் பிரச்சினை அல்ல. அந்தச் சிவப்புக்கு எஸ்ஆர்ஜிபியில் இடமே இல்லை. சிவப்பு 255-இல் முட்டி, பச்சையும் நீலமும் 0-வில் ஒட்டிக்கொள்ள, மடிப்புகளைக் காட்டும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. எல்லை தாண்டிய நிறங்களை எப்படிச் சுருக்குவது என்று தீர்மானிக்கும் ரெண்டரிங் இன்டென்ட்டை, எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கும் பெர்செப்சுவல் என்று மாற்றினால் தீரும் என்று பலரும் சொல்வார்கள். தீராது. வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் வெறும் மேட்ரிக்ஸ் (எளிய கணக்கு) வகை. பெர்செப்சுவலுக்கு வேண்டிய அட்டவணை அதில் கிடையாது. பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் வெளியே நிற்கும் நிறம் ஓரத்தில் வெட்டப்படும்.

ஆகவே கையால்தான் இறக்க வேண்டும். லைட்ரூம் டெவலப்பில் எஸ் விசையை அழுத்தினால், படம் வேறொரு நிறவெளியில் எப்படித் தெரியும் என்று முன்கூட்டிக் காட்டும் சாஃப்ட் ப்ரூஃபிங் வரும். ப்ரொஃபைல் எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்து, ஹிஸ்டோகிராமின் மேல் வலது மூலைக் குறியைத் தட்டினால் எல்லை தாண்டிய பகுதிகள் சிவப்பாகப் பூசித் தெரியும். ஒரு ப்ரூஃப் காப்பி எடுத்துக்கொண்டு, ஹெச்எஸ்எல் பகுதியில் அந்த ஒரு நிறத்தின் சேச்சுரேஷனை மட்டும் 10 முதல் 20 வரை குறையுங்கள். லூமினன்ஸையும் (நிறத்தின் வெளிச்சம்) கொஞ்சம் இறக்கினால் மடிப்புகள் திரும்பும். எச்சரிக்கைப் பூச்சு முழுவதும் மறையும் வரை குறைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பூ செங்கல் நிறத்துக்குப் போய்விடும். இதழில் மடிப்பு தெரிய ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடலாம். போட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பை இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆர்ஜிபி என்று வைத்து கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் இதே காட்சி. கோப்பு ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபியில் இருந்தால் எதுவும் மாறித் தெரியாது, அது இயல்பே.

சிவப்பு எழுத்துகளின் விளிம்பு மட்டும் அழுக்காகத் தெரிந்தால் அது வேறு நோய். ஜேபெக் சுருக்கத்தில் நிறத் தகவலைப் பாதியாகக் குறைக்கும் குரோமா சப்சாம்ப்ளிங் அதற்குக் காரணம். போட்டோஷாப்பின் சேவ் ஆஸில் தரம் 7-க்கு மேல் வைத்தால் அது நடக்காது. சேவ் ஃபார் வெப்பில் 51-க்கு மேல். இழப்புள்ள வெப்பி கோப்பு எப்போதும் நிறத் தகவலைக் குறைக்கும் 4:2:0 முறையில்தான் இருக்கும், தப்பிக்க வழியில்லை. சிவப்பு எழுத்து உள்ள படங்களுக்கு பிஎன்ஜியோ, நிறத் தகவலைக் குறைக்காத 4:4:4 முறையில் ஏவிஐஎஃப்போ எடுப்பது நல்லது.

சர்வர்தான் கள்வன்

கோப்பு சரியாகக் கிளம்பியது என்று உறுதியானால், அடுத்த சந்தேகம் ஏற்றிய பிறகு நடக்கும் வேலையின் மேல். தளங்கள் மூலப் படத்தை அப்படியே காட்டுவது அரிது. வேர்ட்பிரஸ் பல அளவுகளில் நகல் எடுக்கும், 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்ட பெரிய படத்தையும் சுருக்கும். இந்த வேலையை சர்வரில் இமேஜிக் என்ற பட நூலகம் செய்தால் ப்ரொஃபைல் பத்திரமாக இருக்கும். ஜிடி நூலகம் செய்தால் எண்களை அப்படியே வைத்துவிட்டு ப்ரொஃபைலைத் தூக்கி எறிந்துவிடும். மூலப் படம் சரியாகத் தெரிந்து சிறுபடங்கள் மட்டும் வெளுத்திருந்தால், வேறெங்கும் தேடாமல் இங்கேயே பாருங்கள்.

எடையைக் குறைக்கும் கருவிகளும் இதையே செய்யும். இமேஜ்மேஜிக்கின் ஸ்ட்ரிப் கட்டளை எக்ஸிஃப்போடு ஐசிசி ப்ரொஃபைலையும் சேர்த்துத் துடைக்கும். எக்ஸிஃப்டூலில் எல்லாவற்றையும் அழி என்றால் ஜேபெக்கின் ப்ரொஃபைலும் போய்விடும். ஐசிசியை விலக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். நோட் ஜேஎஸ்ஸில் ஷார்ப் நூலகம் கொஞ்சம் கண்ணியமானது: இயல்பாகவே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுத்தான் தகவல்களைத் துடைக்கும். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும், முதலில் மாற்று, பிறகு துடை.

ப்ரொஃபைலை ஒட்டினால் எடை கூடாதா என்ற கேள்வி நியாயமானது. வழக்கமான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல் 3144 பைட். ஒரு முழுப் படத்துக்கு அது தூசி. ஒரே பக்கத்தில் நூறு சிறுபடங்கள் என்றால் 300 கேபியைத் தாண்டும், அங்கே உறைக்கும். சிறுபடங்களுக்கு அரை கேபிக்கும் குறைவான சுருக்க ப்ரொஃபைல்கள் கிடைக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பின் துடைத்துவிடலாம். முழு அளவுப் படத்தில் மட்டும் துடைக்காதீர்கள்.

சோதிக்கும் முறை எளிது. ஏற்றிய படத்தைத் தளத்திலிருந்தே திரும்ப இறக்குங்கள். உலாவியில் தெரியும் அதே அளவு நகலை எடுக்க வேண்டும், மூலத்தை அல்ல. அதை போட்டோஷாப்பில் திறந்தால் ப்ரொஃபைல் இல்லை என்று கேட்கிறதா? அப்படியானால் சீட்டு சர்வரில் கிழிந்தது. கேட்கவில்லை, எஸ்ஆர்ஜிபி என்றே இருக்கிறது, ஒரே சாம்பல் பகுதியின் எண்களும் உங்கள் ஏற்றுமதிக் கோப்போடு ஒன்றிரண்டு புள்ளிக்குள் ஒத்துப்போகின்றன என்றால் கோப்பின் மேல் குற்றமில்லை. காட்டுகிற இடத்தைப் பாருங்கள்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடுவது வீண். மேக்கில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அந்த மானிட்டரின் ப்ரொஃபைலைச் சுமந்து வரும். விண்டோஸில் எடுத்தது, மானிட்டருக்காக மாற்றிய எண்களை எந்தச் சீட்டும் இல்லாமல் கொடுக்கும். இரண்டு பேர் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி வாதாடினால் இருவர் சொல்வதும் தவறாகத்தான் இருக்கும்.

உலாவியும் மானிட்டரும்

குரோமும் சஃபாரியும் ப்ரொஃபைலைப் படிக்கின்றன. ப்ரொஃபைல் இல்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்தில் ஜிஎஃப்எக்ஸ் கலர் மேனேஜ்மென்ட் மோட் என்று ஓர் எண் இருக்கிறது. 2 என்றால் சீட்டுள்ள படங்களை மட்டும் நிர்வகிக்கும். சீட்டில்லாத படமும் பக்கத்தின் பின்னணி நிறமும் நேராகத் திரைக்குப் போகும். 1 என்றால் எல்லாவற்றையும் நிர்வகிக்கும். அகல்நிற மானிட்டர் வைத்திருப்பவர்கள் 1 வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் பின்னணியோடு படத்தின் ஓரம் கலந்துபோக வேண்டும் என்று வடிவமைப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தும், சில திரைகளில் படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சதுரம் தெரியும். படம் நிர்வகிக்கப்படுகிறது, பின்னணி நிறம் நிர்வகிக்கப்படுவதில்லை என்பதே காரணம். எண்ணோடு மல்லுக்கட்டாமல் பின்னணியை ஊடுருவு தன்மையுள்ளதாக எடுத்துவிடுவதே நிம்மதி.

இனி மானிட்டர். திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் இருந்தால் திரையை 30 நிமிடம் சூடாகவிட்டு, வெள்ளைப் புள்ளி (வெள்ளையின் சாயல்) டி65, காமா (நடு ஒளிப் படிகளின் வளைவு) 2.2, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்று வைத்து அளவெடுங்கள். டிஸ்ப்ளேகால் போன்ற இலவச மென்பொருள் போதும். மாதம் ஒருமுறை திரும்ப எடுத்தால் நல்லது. ஒளிர்வைப் பலரும் அலட்சியம் செய்வார்கள், ஆனால் வரும் புகார்களில் பெரும்பங்கு அதனால்தான்: திரையைக் கண் கூசும் அளவுக்கு வைத்து எடிட் செய்தால், படத்தை நீங்களே இருட்டாக்கி வைப்பீர்கள். கலரிமீட்டர் இல்லையென்றால் மானிட்டரின் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடைத் தேர்ந்து, ஒளிர்வை, அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்த வெள்ளைத் தாளோடு பொருத்துங்கள். நைட் லைட், ட்ரூ டோன், தானியங்கி ஒளிர்வு, எடிட் செய்யும்போது ஹெச்டிஆர் மோட் ஆகிய எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கருப்பில் ஊதா ஏறும் அந்த நோய்க்கு வருவோம். மானிட்டர் டிரைவரோடு வந்து தானாக நிறுவிக்கொண்ட ப்ரொஃபைல் பழுதாக இருந்தால், ப்ரொஃபைலை மதிக்கும் மென்பொருள்களில் மட்டும் நிறம் கோணும்; மதிக்காதவை நன்றாகக் காட்டும். அதனால் ஒழுங்காக நடக்கும் மென்பொருளின் மேல் பழி விழும். விண்டோஸ் கலர் மேனேஜ்மென்ட் பெட்டியில் அந்த மானிட்டரைத் தேர்ந்து, என் அமைப்புகளைப் பயன்படுத்து என்ற டிக்கைப் போட்டு, எஸ்ஆர்ஜிபியைத் தற்காலிக இயல்பு ப்ரொஃபைல் ஆக்கி, எடிட்டிங் மென்பொருளை மூடித் திறங்கள். சாயம் மறைந்தால் குற்றவாளி அந்த ப்ரொஃபைல். இது நிரந்தரத் தீர்வு அல்ல, சோதனை மட்டுமே. அகல்நிற மானிட்டரை எஸ்ஆர்ஜிபி என்று சொல்லி அப்படியே விட்டால் எல்லாம் கடுமையாகத் தெரியும்.

டிஸ்ப்ளே பி3யில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: சர்வர் ப்ரொஃபைலைக் காக்கிறது என்று மேற்சொன்ன சோதனையில் நிரூபணமானால் ஏற்றலாம். 2016-இல் வந்த ஐஃபோன் 7 முதல் பி3 திரைகள் பரவிவிட்டன, செம்மஞ்சளும் சிவப்பும் உண்மையிலேயே கூடுதலாக மிளிரும். சாதாரணத் திரைகளுக்கு எஸ்ஆர்ஜிபி நகலையும் தயார் செய்து, ஹெச்டிஎம்எல்லின் பிக்சர் டேகில், திரையின் நிற வீச்சைக் கேட்கும் கலர் காமட் வினவலை வைத்துத் திரைக்கேற்ற கோப்பைக் கொடுங்கள். அந்த எஸ்ஆர்ஜிபி நகலைக் கையால் சரிசெய்தால்தான் இந்த உழைப்புக்கு அர்த்தம். தானாக வெட்டுப்பட விடுவதாக இருந்தால் அந்த வேலையை உலாவியே செய்துவிடும்.

இவ்வளவும் சரிபார்த்த பின்னும் ஒருவர் தன் ஃபோனில் நிறம் வேறாக இருக்கிறது என்றால், அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. திரை அமைப்பில் விவிட் இருக்கிறதா, நேச்சுரல் இருக்கிறதா? கண் பாதுகாப்பு மோட் ஓடுகிறதா? விவிட்டை நேச்சுரலாக மாற்றி அதே படத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள், கோப்பைத் தொடுவது அதற்கப்புறம்.